காவலர் எழுதிய கொலைக்கதை: ஜெரார்ட் ஷேஃபரின் 'கில்லர் ஃபிக்‌ஷன்' நூலில் கூற்றும் எச்சமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் துணை ஷெரிஃபாகப் பணியாற்றிய ஜெரார்ட் ஜான் ஷேஃபர், இரண்டு கொலைகளுக்காக 1973இல் தண்டனை பெற்றவர்; மேலும் பல கொலைகளில் ஐயத்திற்கு உள்ளானவர். அவர் எழுதிய கதைகள் 1990ஆம் ஆண்டையொட்டி 'கில்லர் ஃபிக்‌ஷன்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. அந்நூலைப் புனைவாகக் கொள்வதா, வாக்குமூலமாகக் கொள்வதா என்னும் வினாவே இதுவரை அதனைச் சுற்றி நிகழ்ந்த பேச்சின் மையம். இக்கட்டுரை அவ்வினாவைச் சற்றே இடம் மாற்றி, யார் யாரிடம் எங்கிருந்து பேசுகிறார், எதனைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்கிறது. இதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகிய உறுப்புகளைத் துணைக்கொள்கிறது. ஜிம் தாம்ப்சனின் 'தி கில்லர் இன்சைடு மீ' (1952) நாவலை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறது.

திறவுச்சொற்கள்: குற்றப்புனைவு, தன்மைக் கூற்று, வாக்குமூலம், காவல் அதிகாரம், எச்சம், ஜெரார்ட் ஷேஃபர், ஜிம் தாம்ப்சன்

முன்னுரை

1973 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் ஷேஃபரின் தாய் வசித்த வீட்டைச் சோதனையிட்ட காவல்துறையினர் இருவகைப் பொருள்களைக் கைப்பற்றினர். ஒருவகை, காணாமற்போன பெண்களுக்கு உரியனவாகக் கருதப்பட்ட நகைகள், அடையாள ஆவணங்கள், பற்கள். மற்றொருவகை, பெண்களைக் கொல்வதைப் பற்றி ஷேஃபர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப்படிகளும் வரைந்திருந்த படங்களும். முதல்வகைப் பொருள்கள் சான்றுகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இரண்டாம் வகை கதைகளே என்றார் ஷேஃபர். ஒரே வீட்டில், ஒரே மனிதரின் உடைமைகளாகக் கிடைத்த இவ்விரண்டையும் சட்டம் ஒருவகையாகவும் இலக்கியம் வேறொருவகையாகவும் பகுக்க நேர்ந்தது. இச்சிக்கலிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கே கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. புனைவு மாந்தனை 'அவன்' என்றும் வாழ்ந்து மறைந்தவரை 'அவர்' என்றும் குறிப்பது ஆய்வெழுத்தின் வழக்கம். இருவரைக் கொன்றவரென்று நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒருவருக்கு அந்த ரகர ஈறு உறுத்தவே செய்கிறது. ஆயினும் ஷேஃபரை 'அவர்' எனவும் அவருடைய கதைகளில் பேசும் கொலைஞனை 'அவன்' எனவும் பிரித்துச் சுட்டுவது இக்கட்டுரைக்குப் பயன்படுகிறது. அந்த அவன் எவ்விடத்தில் அவராகிறான் என்பதே இங்குள்ள கேள்வி.

வழக்கின் வரலாறு

ஷேஃபர் 1946இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்து, இளம்பருவத்திலேயே ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தவர். வில்ட்டன் மேனர்ஸ் நகரக் காவல்துறையில் சில மாதங்கள் பணியாற்றி அங்கிருந்து நீக்கப்பட்டார். எனினும் 1972இல் மார்ட்டின் கவுண்டியில் துணை ஷெரிஃபாக அவருக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் ஷெரிஃப் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி. துணை ஷெரிஃப்கள் அவரால் அமர்த்தப்படுபவர்கள். ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த இடத்தில் சீருடை பெறுவது அக்காலத்தில் அரிதன்று.

1972 ஜூலை 21ஆம் நாள், சாலையோரத்தில் நின்று வண்டிகளை மறித்து ஏறிச் செல்லும் வழக்கமுடைய பதின்வயதுப் பெண்கள் இருவரை ஷேஃபர் தம் வண்டியில் ஏற்றினார். அவ்வாறு பயணம் செய்வது அந்தக் கவுண்டியில் சட்டவிரோதம் என்று பொய் சொல்லி அவர்களை எச்சரித்து, தங்குமிடத்தில் இறக்கிவிட்டார். மறுநாள் தாமே கடற்கரைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்தார். மறுநாள் அவர்களைச் சதுப்புநிலக் காட்டுப்பகுதிக்குக் கொண்டுசென்று, கைவிலங்கிட்டு, கழுத்தில் சுருக்குக்கயிறு மாட்டி மரவேர்களின் மேல் நிறுத்தினார். அந்த நேரத்தில் பணி அழைப்பு வந்தது. அவர் திரும்பி வருவதற்குள் இருவரும் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு தப்பினர். ஷேஃபர் தம் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துத் தாம் ஓர் அறிவற்ற செயலைச் செய்துவிட்டதாகக் கூறினார். வழியில் கண்ட வண்டியில் ஏறுவதன் ஆபத்தை அப்பெண்களுக்கு உணர்த்தவே முயன்றதாகவும், அது வரம்பு மீறிவிட்டதாகவும் விளக்கினார்.

அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். பின் பிணையில் வெளியே வந்தார். செப்டம்பர் 27ஆம் நாள் 17, 16 வயதுடைய இரு பெண்கள் அவருடன் சென்று திரும்பவில்லை. டிசம்பரில் ஜூலைக் குற்றத்துக்காகத் தண்டனைப் பேரத்தின்வழி ஒரேயொரு தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1973 ஏப்ரலில் ஹட்சின்சன் தீவில் அவ்விரு பெண்களின் உடல் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களுள் ஒருத்தியின் தாய், மகள் புறப்பட்ட நாளில் அந்தப் புதியவரின் வண்டி எண்ணைக் குறித்து வைத்திருந்தார். அவ்வெண் ஷேஃபரிடம் கொண்டு சேர்த்தது. 1973 அக்டோபரில் இரு கொலைகளுக்கும் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 1972 ஜூனில் ஃபர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றிருந்த மரணதண்டனைச் சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. ஃப்ளோரிடா அவ்வாண்டு டிசம்பரில்தான் புதிய சட்டம் இயற்றியது. கொலைகள் இவ்விரு நாள்களுக்கும் இடையே நிகழ்ந்தவை. ஷேஃபர் மேலும் 22 ஆண்டுகள் வாழ்ந்து எழுதியது இந்தக் கால இடைவெளியின் விளைவு எனலாம்.

வேறு எந்தக் கொலைக்காகவும் அவர்மீது வழக்கு நடைபெறவில்லை. ஆயினும் 1960களின் இறுதி முதல் தென் ஃப்ளோரிடாவில் காணாமற்போன பல பெண்களின் பெயர்கள் அவருடைய பெயரோடு இணைத்துப் பேசப்பட்டன. 1995 டிசம்பர் 3ஆம் நாள் ஃப்ளோரிடா மாநிலச் சிறையில் சக கைதி ஒருவரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

நூலும் அதன் இரட்டை நிலையும்

பள்ளிப் பருவத்தில் ஷேஃபரின் தோழியாக இருந்த சோண்ட்ரா லண்டன் என்னும் எழுத்தாளர், 1980களின் இறுதியில் அவரோடு மீண்டும் தொடர்புகொண்டு அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். 'கில்லர் ஃபிக்‌ஷ'னைத் தொடர்ந்து 'பியாண்ட் கில்லர் ஃபிக்‌ஷன்' வந்தது. ஷேஃபரின் மறைவுக்குப்பின் 1997இல் விரிவாக்கப்பட்ட பதிப்பும் வெளியானது. காவல்துறை 1973இல் கைப்பற்றிய பழைய படிகள், சிறையில் எழுதப்பட்ட புதிய கதைகள், கடிதங்கள் எனப் பலவகை எழுத்துகள் இத்தொகுப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த அடுக்குமுறை வாசிப்பைத் தீர்மானிக்கும் வலிமை உடையது. கொலைக்கு முன் எழுதப்பட்டதையும், தண்டனைக்குப்பின் எழுதப்பட்டதையும் ஒரே அட்டைக்குள் வைக்கும்போது, முன்னது திட்டமாகவும் பின்னது நினைவாகவும் தோன்றிவிடுகிறது. அத்தோற்றத்தைத் தொகுப்பாசிரியர் விலக்க முயலவில்லை. நூலின் விற்பனை அதில்தான் இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஷேஃபர் வெளியுலகுக்குச் சொன்னது ஒன்று: இவை கற்பனை, நான் பழிசுமத்தப்பட்ட குற்றமற்றவன். லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் சொன்னது வேறு. கொல்லப்பட்டோர் எண்ணிக்கையை 80க்கும் 110க்கும் இடையே மதிப்பிட்டுப் பெருமை பேசும் கடிதம் அவற்றுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று. இவ்வெண்ணை உண்மையென்று கொள்ள எவ்வித ஆதாரமும் இல்லை. மறுப்பும் தற்பெருமையும் ஒருவரிடமே ஒருசேர நிலவியமைதான் இங்கே கருதத்தக்கது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. மறுப்பு நீதிமன்றத்துக்காகவும் பெருமை வாசகருக்காகவும் வகுக்கப்பட்டவை.

'ஆசிரியர்' என்னும் கருத்தாக்கத்தைப் பற்றி 1969இல் மிஷல் ஃபூக்கோ முன்வைத்த கருத்து இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. எழுத்துக்காக ஒருவரைத் தண்டிக்க முடியும் என்ற நிலை உருவானபோதுதான் நூல்களுக்கு ஆசிரியர் என்பவர் உண்மையில் தோன்றினார் என்பது அவர் வாதம். ஷேஃபரின் நிலை இதற்கு நேர்மாறானது. தண்டனையிலிருந்து விலகி நிற்பதற்காகவே அவர் ஆசிரியரானார். கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு என்ற, இலக்கிய மாணவர் யாவரும் முதலாண்டிலேயே கற்கும் பாகுபாடு அவர் கையில் ஒரு சட்டக் கேடயமாயிற்று. நவீன விமர்சனம் புனைவைக் காப்பதற்கு உருவாக்கிய கருவியொன்றைக் கொலைக்குற்றவாளி ஒருவர் இத்துணைத் திறமையோடு கையாளும்போது, அக்கருவியை விமர்சகர் முன்போல் எளிதாகப் பயன்படுத்த இயலாது.

அக்கேடயம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. தம்மைத் தொடர்கொலைஞர் எனக் குறிப்பிட்ட நூலாசிரியர்கள்மீது ஷேஃபர் சிறையிலிருந்தபடியே அவதூறு வழக்குகள் தொடுத்தார். மைக்கேல் நியூட்டன் என்ற எழுத்தாளருக்கு எதிரான வழக்கை 1994இல் இந்தியானாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவதூறால் கெடுவதற்கு வாதிக்கு நற்பெயர் எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதே அதன் முடிவு. வாதியாக வந்தவர் தம் பெயரைக் காக்க வேண்டினார். நூலாசிரியராக அவரே அப்பெயரின் அச்சத்தை விற்றார். நீதிமன்றம் இவ்விருவரையும் ஒருவராகக் கண்டது. விமர்சனம் அத்தனை விரைவாக அம்முடிவுக்கு வர இயலாதென்றாலும், பிரித்துப் பார்ப்பதன் பயன் யாருக்குப் போகிறது என்று கேட்கும் கடமை அதற்கு உண்டு.

கூற்று, கேட்போர், களன்

செய்யுளியல் தரும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் ஆகியவை ஓர் எழுத்தைப் பேச்சுநிகழ்வாகக் காணச் செய்பவை. அகப்பாடலுக்கென வகுக்கப்பட்ட இவற்றை அமெரிக்கச் சிறைக்கைதி ஒருவரின் கதைகளுக்குப் பொருத்துவதில் வரம்பு உண்டு. இங்கு அவை வினாக்களாக மட்டுமே கொள்ளப்படுகின்றன.

'கில்லர் ஃபிக்‌ஷன்' கதைகளில் பெரும்பாலும் பேசுபவன் கொலைஞன். தன்மைக் கூற்று இடையறாது ஓடுகிறது. பெண்களுக்குப் பேச்சு அளிக்கப்படும் இடங்களிலும் அது கெஞ்சலாகவும் வசையாகவும் சுருங்கிவிடுகிறது. கொலைஞனின் கருத்தை உறுதிசெய்வதற்கு மேல் அப்பேச்சுக்கு வேலையில்லை. அவன் தன்னைக் கொலைஞனாக அல்லாமல் தீர்ப்பளிப்பவனாகவே காட்டிக்கொள்கிறான். பெண் ஒழுக்கம் தவறியவள், ஆகவே அவள் இறப்பு தண்டனை என்பதே மீண்டும் மீண்டும் வரும் தருக்கம். கட்டுதல், நிறுத்துதல், காத்திருத்தல் எனச் செயல்முறைகள் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தப்படுகின்றன. உணர்ச்சி மிகும் என்று எதிர்பார்க்கப்படும் இடங்களில்கூட நடை அலுவல் குறிப்பின் நடையாகவே உள்ளது. இடம், நேரம், பொருள், நிகழ்வு என்ற அந்த ஒழுங்கு காவல்துறை அறிக்கையின் ஒழுங்கு. ஷேஃபர் காவலராக இருந்த காலம் குறுகியதே. ஆனால் அப்பணியின் மொழி அவர் எழுத்தில் நிலைத்துவிட்டது.

களன் குறித்தும் இவ்வாறே. சதுப்புநிலம், ஆளரவமற்ற மண்பாதை, மரக்கிளை, கயிறு ஆகியவை கதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1972 ஜூலையில் இரு பெண்கள் நிறுத்தப்பட்ட களமும் அதுவே. தப்பிவந்தவர்கள் அதிகாரிகளிடம் விவரித்த காட்சியும் கதைகளின் காட்சியும் இத்துணை நெருங்கியிருப்பது, கதைகள் அனைத்தும் நிகழ்ந்தவை என்பதற்குச் சான்றாகாது. ஒரே கற்பனை தாளிலும் நிலத்திலும் செயல்பட்டது என்பதற்கு மட்டும் அது சான்றாகும். பியேர் ரிவியேர் என்னும் பிரெஞ்சு இளைஞன் 1835இல் தாயையும் உடன்பிறந்தோரையும் கொன்றபின் எழுதிய நினைவுக்குறிப்பை ஃபூக்கோவும் அவர் குழுவினரும் 1973இல் பதிப்பித்தபோது, எழுத்தும் கொலையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாய் இருந்ததைச் சுட்டினர். ஆனால் ரிவியேரின் குறிப்போடு அவர்கள் மருத்துவர், நீதிபதி, சாட்சிகள் ஆகியோரின் ஆவணங்களையும் சேர்த்தே அச்சிட்டனர். கொலைஞனின் குரல் பல குரல்களுக்கு நடுவே வைக்கப்பட்டது. 'கில்லர் ஃபிக்‌ஷ'னில் அத்தகைய சூழல் இல்லை. இப்பதிப்புக் குறை சிறியதன்று. ஒரு குரலைத் தனித்து ஒலிக்கச் செய்வதே அக்குரலுக்கு அளிக்கும் முதல் சலுகை.

கேட்போர் யார் என்பது எளிதில் விடை காணக்கூடியதன்று. 1973க்கு முன் எழுதப்பட்டவற்றுக்குக் கேட்போரே இல்லை எனலாம். சிறையிலிருந்து எழுதியவற்றுக்கு முதற்கேட்பவர் லண்டன். அடுத்து, தொடர்கொலைஞர்களைப் பற்றி ஆவலோடு வாசிக்கும் 1990களின் அமெரிக்கச் சந்தை. குற்றவாளிகள் தம் கதையை விற்றுப் பொருள் ஈட்டுவதைத் தடுக்க 1977இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த 'சன் ஆஃப் சாம்' சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாததாக்கியதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பேச்சுரிமை நோக்கில் அத்தீர்ப்பு தவறென்று கூற முடியாது. ஆயினும் கொலைஞனின் கூற்றுக்கு விலை உண்டு, கொல்லப்பட்டவரின் மௌனத்துக்கு விலை இல்லை என்னும் நிலை அதனால் மாறவில்லை.

தாம்ப்சனின் துணை ஷெரிஃப்

ஷேஃபர் துணை ஷெரிஃபாவதற்கு 20 ஆண்டுகள் முன்பே, கொலைசெய்யும் துணை ஷெரிஃப் ஒருவனைத் தன்மைக் கூற்றில் பேசவைத்தவர் ஜிம் தாம்ப்சன். தாம்ப்சனின் தந்தை ஒக்லஹோமாவில் ஷெரிஃபாக இருந்து, பணமோசடிக் குற்றச்சாட்டுக்கிடையே பதவி இழந்தவர் என்பதால் சீருடையின் இருபுறமும் அவர் அறிந்ததே. 'தி கில்லர் இன்சைடு மீ' நாவலின் லூ ஃபோர்டு, டெக்சாஸின் சிற்றூர் ஒன்றில் எல்லோர்க்கும் நல்லவனாக வலம்வருகிறான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு: எதிரிலிருப்பவரிடம் தேய்ந்துபோன நல்லுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவான். கேட்பவர் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்வார். எழுந்துபோகவும் இயலாது, மறுத்துப் பேசவும் இயலாது. அடிக்க முடியாத இடத்தில் அடிப்பதற்கு மாற்றாக அவன் அறவுரையைப் பயன்படுத்துகிறான் என்பதை வாசகர் விரைவில் உணர்கிறார்.

1972 ஜூலையில் ஷேஃபர் தம் மேலதிகாரிக்குச் சொன்ன விளக்கத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அப்பெண்களுக்குப் பாடம் புகட்டவே செய்தேன் என்பது அறவுரையின் வடிவில் வந்த தற்காப்பு. முந்தைய நாள் வண்டியில் ஏற்றியபோது அவர் சொன்ன பொய்ச்சட்டமும் அறவுரையே. காவலர் ஒருவர் எச்சரிக்கும்போது கேட்பவர் அதன் உண்மையைச் சோதிப்பதில்லை. சீருடை அச்சொல்லுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கித் தந்துவிடுகிறது. ஆயுதத்தைவிட இந்த ஒப்புதலே ஷேஃபரின் முதன்மைக் கருவி. தாம்ப்சன் இதனைக் கற்பனையில் கண்டுணர்ந்தார்; ஷேஃபரோ இதனைக் கையாண்டும், தம் கதைகளில் கேள்விக்கு உட்படுத்தவே இல்லை. கொலைஞன் நீதிபதியாகப் பேசும் அக்கதைகளில் அறவுரை அறவுரையாகவே நின்றுவிடுகிறது. அதன் பொய்மையை வாசகருக்குக் காட்டிக்கொடுக்கும் பிளவு எங்கும் இல்லை. இலக்கியமாக அந்நூல் தோற்பது இவ்விடத்தில்தான். கொடூரக் காட்சிகளின் மிகுதியைக் காரணம் காட்டுவோர் கூற்று முழுமையானதன்று. தாம்ப்சனின் நாவலிலும் கொடூரத்துக்குக் குறைவில்லை.

எச்சத்தைக் கையாளும் முறையிலும் இருவரும் வேறுபடுகின்றனர். சொல்லாலோ குறிப்பாலோ நிறைவுபெற வேண்டியதாக எஞ்சிநிற்பதே எச்சம். லூ ஃபோர்டு எமி என்ற பெண்ணைக் கொன்றதைச் சொல்லவேண்டிய இடம் வந்ததும் தயங்குகிறான், சுற்றி வளைக்கிறான். உச்சக்கட்டத்தில் தடுமாறி நழுவும் எழுத்தாளர்களை ஏளனம் செய்து, தான் அனைத்தையும் வரிசையாகச் சொல்லப்போவதாக உறுதியளிக்கிறான். அந்த உறுதிமொழியே நழுவலாக இருப்பதை வாசகர் காண்கிறார். அவனது கூற்றில் விழும் இந்த இடைவெளியில் எமி ஒரு மனுஷியாக வாசகர்முன் நிற்கிறாள். நாவலின் இறுதியில், தான் அடித்துக் கொன்றுவிட்டதாக அவன் நம்பிய ஜாய்ஸ் உயிருடன் கொண்டுவரப்படுகிறாள். அவன் கதையில் முடிந்துபோனவள் அவன் கதைக்கு வெளியே வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். பின்னர் தன் இறப்பையும் அவனே விவரித்து முடிக்கிறான். இறந்தவன் எவ்வாறு சொல்ல முடியும் என்ற வினாவை எழுப்பி, இது புனைவு என்று நாவல் தானே ஒப்புக்கொள்கிறது.

ஷேஃபரின் எழுத்தில் எச்சம் வேறு தொழிலைச் செய்கிறது. செயல்முறை அத்தனையும் சொல்லப்படுகிறது. யார், எந்த நாள், உடல் எங்கே என்பன சொல்லப்படுவதில்லை. காணாமற்போன மகளைத் தேடும் குடும்பத்தார் கேட்கும் வினாக்கள் இம்மூன்றே. வாசகரின் ஆவலைத் தூண்டும் விவரங்களைத் தந்து, புலனாய்வாளர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படக்கூடிய விவரங்களை மட்டும் நிறுத்திவைக்கும் இத்தெரிவு தற்செயலானதாக இருக்க இயலாது. குறிப்பால் நிறைவுபெறும் எச்சம் கேட்பவரை நம்புவது. இங்குள்ள எச்சமோ கேட்பவரை அலைக்கழிப்பது. இங்கே 'அவன்' 'அவராக' மாறிவிடுகிறான் எனலாம்: எதைச் சொன்னால் சட்டம் பிடிக்கும் என்று அறிந்திருக்க வேண்டிய தேவை கற்பனைக் கொலைஞனுக்கு இல்லை; முன்னாள் காவலருக்கு உண்டு.

பெயரின்மை

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் நீங்கும்போது அக்காதல் எவருடையதாகவும் ஆகக்கூடியதாகிறது. ஷேஃபரின் கதைகளிலும் பெண்கள் பெரும்பாலும் ஆளுருவற்றவர்கள். அங்கே பெயர் நீங்குவதால் அவர்கள் எவராகவும் ஆவதில்லை, எவரும் அல்லாதவர் ஆகின்றனர். ஒரே உத்தி இருவேறு பயன்களைத் தரும் என்பது இலக்கணம் அறிந்தவர்க்குப் புதிதன்று.

இக்கட்டுரையும் கொல்லப்பட்டோரின் பெயர்களைக் குறிப்பிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் பொதுவாழ்வினர் அல்லர். உறவினரின் துயரை ஆய்வுப்பொருளாக்குவதைத் தவிர்ப்பதே நோக்கம். ஆயினும் அதன் விளைவாகக் கொலைஞரின் பெயர் பத்திதோறும் வர, அவரால் கொல்லப்பட்டோர் 'இரு பெண்கள்' எனவும் '17, 16 வயதுடையோர்' எனவும் நின்றுவிடுகின்றனர். அந்நூலின் சமனின்மையை விமர்சிக்கும் எழுத்தும் அதே சமனின்மைக்குள்தான் இயங்குகிறது. இதற்கு முழுத் தீர்வு இல்லை. யாருடைய ஆவணங்களை முன்னிறுத்துவது என்னும் தெரிவு மட்டுமே ஆய்வாளர் கையில் உள்ளது.

அவ்வகையில் இவ்வழக்கின் இரண்டு ஆவணங்கள் ஷேஃபரின் நூலைவிடக் கூர்ந்த வாசிப்புக்கு உரியவை. ஒன்று, 1972 ஜூலையில் தப்பிவந்த இரு பெண்கள் அதிகாரிகளிடம் கூறியது. தாம்ப்சனின் ஜாய்ஸைப்போல இவர்களும் கொலைஞனின் கதைக்கு வெளியே நின்று அக்கதையை மறுத்தவர்கள். அவர்களுடைய சொல்லாலேயே ஷேஃபர் சீருடையை இழந்தார். அச்சொல்லுக்குச் சட்டம் அன்று அளித்த எடை ஒரு பிணைத்தொகையும் ஓராண்டுச் சிறையும்தான். மற்றொன்று, ஒரு தாய் குறித்துவைத்த வண்டி எண். ஆசிரியர் பெயரோ கதையோ கேட்போரோ இல்லாத, சில எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட குறிப்பு அது. ஷேஃபரின் அத்தனை பக்கங்களும் மறைத்ததை அது காட்டியது.

1974 ஜூனில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் அலையாத்திக் காட்டில் ஓர் இளம்பெண்ணின் உடல் எச்சம் கண்டெடுக்கப்பட்டது. அவள் யாரென்று தெரியாமலே ஆண்டுகள் கடந்தன. 2022இல் மரபணு ஆய்வும் வம்சாவளித் தேடலும் கொண்டு, 1972 டிசம்பரில் காணாமற்போன 15 வயதுச் சிறுமி அவள் என்பதை அதிகாரிகள் உறுதிசெய்து அறிவித்தனர். ஐயத்துக்குரியவராக ஷேஃபரையே குறிப்பிட்டனர். அவள் காணாமற்போன நாளில் ஷேஃபர் ஜூலைக் குற்றத்துக்கான சிறைவாசத்தைத் தொடங்கியிருக்கவில்லை. 'கில்லர் ஃபிக்‌ஷ'னின் எல்லாப் பதிப்புகளும் அதற்குள் வெளிவந்து, பல்லாயிரம் கண்களால் வரிவரியாகத் துருவப்பட்டிருந்தன. அவளுடைய பெயர் கிடைத்தது எலும்பிலிருந்தும் உயிரோடிருந்த உறவினரின் குருதியிலிருந்தும்.